இடது முன்கதவு

அத்தியாயம் 11

அப்பாவுக்கு வேலை போய் இரண்டு நாளாகிறது. ஒரு கதவை முழங்கால் முட்டியால் இடித்தார் என்பதுதான் குற்றம்.

திங்கட்கிழமை லண்டனிலிருந்து வந்திருந்த இரண்டு பெரிய மனிதர்களுக்குக் கார் தயாராகும் லைனைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார் எங்கள் உற்பத்தி மேலாளர் மிஸ்டர் பிரெண்டிஸ். அந்த நேரம் பார்த்து அப்பா ஒரு புத்தம்புது லின்னெட் காரின் இடது முன்கதவைத் திறந்து, கீல் ஓரத்தில் மரக்கட்டையைச் சொருகி, முட்டியால் ஓங்கி ஓர் இடி கொடுத்தார். வந்தவர்களில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாராம். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்துவிட்டது. கம்பெனிச் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவித்ததால் வேலைநீக்கம். பத்தொன்பது வருட வேலைக்கு நாலு வரி.

அதே இடியை அப்பாவும் கதவு பொருத்தும் குழுவான அவருடைய கதவு கேங்கில் இருந்த மற்ற ஐந்து பேரும் இரண்டு வருடமாக எல்லா லின்னெட்டுக்கும் கொடுத்துவருகிறார்கள். கொடுக்காவிட்டால் அந்தக் கதவு மூடாது. கொடுத்தால் மூடும், ஆனால் மழைக்கு மூடாது. லின்னெட் வாங்கினால் மனைவிக்கு ஒரு ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள் என்று பத்திரிகைக்காரன் எழுதியதை பர்மிங்ஹாம் முழுக்க வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குத் தொழிற்சாலைக்கு எதிரே இருக்கும் பூங்காவில் கூட்டம். எட்டாயிரம் பேர் கை தூக்கினால் வேலைநிறுத்தம். அப்பாவைத் திரும்ப எடுக்கும்வரை ஒரு கார்கூட வெளியே போகாது. தூக்காவிட்டால் வில்ஃப் டிரான்ட்டர், வயது ஐம்பத்தைந்து, இனி வீட்டில்தான்.

விடிந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அப்பா என்னடாவென்றால் சவரம் செய்து, டை கட்டி, டோஸ்ட்டில் மார்மலேடை மூலைவரை தடவிக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி. அம்மா அவருடைய கோட்டின் கழுத்துப் பட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எட்னா டிரான்ட்டர் பதினாலு வருடம் அதே தொழிற்சாலையில் சீட் உறை தைத்தவள். ஏப்ரலில் ஆர்டர் இல்லையென்று தையல் பிரிவில் முந்நூறு பெண்களை நிறுத்தினார்கள். அதிலிருந்து அம்மா இஸ்திரி போட வேண்டாததற்கெல்லாம் இஸ்திரி போடுகிறாள்.

எட்டு மணிக்குத் தம்பி கிளைவ் வந்தான். இரண்டு தெரு தள்ளித் தனிக்குடித்தனம். பெயின்ட் பிரிவில் வேலை. ஜனவரியில் அவன் மனைவிக்குப் பிரசவம். வந்தவன் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அப்பாவைப் பார்க்காமல் டீ கெட்டிலைப் பார்த்துச் சொன்னான்.

"நான் கை தூக்க மாட்டேன்ப்பா. முன்னாடியே சொல்லிடறேன். அங்க வந்து பார்த்துட்டு மனசு கஷ்டப்படாத."

அப்பா டோஸ்ட்டை மென்று முடித்தார். அவன் இஷ்டம், அவன் கை என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் எதுவும் அத்தோடு நிற்காது. இந்த வருடத்தில் மட்டும் முப்பத்தோரு தடவை லைன் நின்றிருக்கிறது என்று கிளைவ் ஆரம்பித்தான். ஒரு தடவை டீ ஆறிப்போய் வந்ததற்காக நின்றது. ஜெர்மன்காரனும் ஜப்பான்காரனும் கார் செய்துகொண்டிருக்கும்போது நாம் புல்வெளியில் நின்று கை தூக்கிக்கொண்டிருக்கிறோம், கம்பெனியைக் குழிதோண்டிப் புதைத்தது சங்கம்தான் என்றான். அப்பா வழக்கம்போல மறுபக்கத்திலிருந்து வந்தார். போருக்கு முன்னால் வாங்கிய மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன, லாபம் வந்த வருடமெல்லாம் பங்குதாரர் பைக்குப் போனது, ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாத கனவான்கள் மாடியில் உட்கார்ந்து ஆறு வருடத்தில் ஆறு திட்டம் போட்டார்கள்.

டி.வி.யில் தினம் இதே சண்டைதான். டை கட்டிய ஒருவர் தொழிலாளி என்பார், கட்டாத ஒருவர் முதலாளி என்பார். எங்கள் வீட்டில் தொண்டை கட்டுகிறவரை கத்துவார்கள். அந்தக் கதவு ஏன் மூடவில்லை என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

"நீ சொல்லேன் லொரெய்ன். படிச்சவதானே," என்றான் கிளைவ். எங்கள் தெருவிலேயே பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை அவன் ஒரு வியாதி மாதிரிதான் சொல்வான்.

"கதவு நாலு மில்லிமீட்டர் தப்புடா. நீங்க ரெண்டு பேரும் மூணு மைல் தள்ளி நின்னு சண்டை போடறீங்க."

சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கு வேலை அதே தொழிற்சாலையின் அளவுப் பிரிவில். லைனுக்கு வருகிற பாகங்களைக் கேஜ் வைத்து அளந்து எழுதுவது. சேர்ந்து பதினோரு மாதமாக இடது முன்கதவு நாலு மில்லிமீட்டர் கோணல் என்று வாரம் தவறாமல் எழுதி மாடிக்கு அனுப்பியிருக்கிறேன். அது எங்கே போனது என்று தெரியாது. ஆனால் எழுத்து எங்காவது இருக்கும். கதவு பிறக்கும்போதே கோணல், அப்பா அதை உடைக்கவில்லை, சரிசெய்துகொண்டிருந்தார் என்று காட்டக் கம்பெனியின் தாளே இருந்தால் கூட்டமும் வேண்டாம், வேலைநிறுத்தமும் வேண்டாம். கிளைவின் சம்பளமும் நிற்காது. ராத்திரி பூராவும் என்னைத் தூங்கவிடாதது அதுதான்.

ஆவண அறைச் சாவி எங்கள் பிரிவில் என்னையும் சேர்த்து இரண்டு பேரிடம் இருக்கிறது. மற்றவர் அம்மை போட்டு விடுப்பில்.

என்னுடைய வாராந்தரத் தாள்கள் அத்தனையும் ஒரு பச்சைக் கோப்பில், பிரிக்கப்படாமல், அடுக்காக இருந்தன. அதற்கு வருத்தப்படக்கூட நேரமில்லை. அவற்றுக்கு அடியில், நான் சேருவதற்கு முந்தைய மாதத்துத் தாள் ஒன்று இருந்தது. 1978 நவம்பர் பதினேழு, வெள்ளிக்கிழமை.

மூன்று பத்தி. மூன்று பேர்.

முதல் பத்தி தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் ஃபோர்மேன் எழுதியது. இடது முன்கதவுத் தகட்டை அடிக்கும் அச்சு தேய்ந்துவிட்டது. மூன்று வாரம் நிறுத்திப் புதிதாக வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால் கதவு தானாக மூடும். கதவு கேங்கில் ஆறு பேருக்குப் பதில் இரண்டு பேர் போதும்.

இரண்டாவது, நிர்வாகத்தின் முடிவு. செலவை முன்னிட்டு ஒத்திவைக்கப்படுகிறது. லைனில் தற்போது உள்ள பொருத்தும் முறையே திருப்திகரமானது. ஹெச். பிரெண்டிஸ். அப்போது அவர் செலவுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. தற்போது உள்ள முறை என்பது அப்பாவின் முட்டி. அதைத் திருப்திகரமானது என்று கையெழுத்துப் போட்ட ஆள்தான் அதற்காக அப்பாவை வெளியே தள்ளியிருக்கிறார். இது போதும். இதைக் காட்டினால் மத்தியானத்துக்குள் அப்பா லைனில் இருப்பார்.

பிறகு மூன்றாவது பத்தியைப் படித்தேன். தொழிற்சங்கத் தரப்பு. கதவு கேங்கில் ஆள் குறைப்பை ஏற்க முடியாது; தற்போது உள்ள முறையே தொடர வேண்டும். கீழே, கேங்கின் சங்கப் பிரதிநிதி கையெழுத்து. வில்ஃபின் அந்த டபிள்யூவை என் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டு அத்தனையிலும் பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் பத்தொன்பது வருடத்தில் சங்கமும் நிர்வாகமும் டாய்லெட் கதவுக்கு என்ன நிறம் என்பதில்கூட ஒத்துப்போனதில்லை. இதில் ஒத்துப்போயிருக்கிறார்கள். வார்த்தைக்கு வார்த்தை. ஒருத்தருக்கு அச்சு வெட்டும் செலவு மிச்சம், இன்னொருத்தருக்கு நாலு பேர் வேலை மிச்சம். கோணல் கதவு இரண்டு பேருக்கும் வசதியாக இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் அந்தக் கதவு வழியாகத் தண்ணீர் வந்தது. பேப்பரில் வந்தது. ஆர்டர் போனது. ஏப்ரலில் முந்நூறு பேர்.

தாளை மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்து அலமாரியைச் சாத்தினேன். திரும்பினால் வாசலில் மிஸ்டர் பிரெண்டிஸ்.

குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்று, என் அப்பா விஷயத்தில் தனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை என்று சொன்னார். லண்டனிலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள், வேறு வழியில்லை. என் வேலை நன்றாக இருப்பதாகக் கேள்விப்பட்டாராம். என்னைப் போன்றவர்கள் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசிக்க வேண்டிய காலம் இது என்றார்.

"என் அளவுத் தாளை எல்லாம் படிச்சீங்களா சார்?"

"எந்தத் தாள், மிஸ் டிரான்ட்டர்?"

நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொன்னால்கூட மரியாதையாக இருந்திருக்கும். அவர் பார்வை என் முகத்திலிருந்து இறங்கி என் கையிலிருந்த சாவியில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வழிவிட்டார்.

பூங்காவுக்கு ஓடினேன். தூறல் விடவில்லை. புல்லெல்லாம் ஏற்கெனவே சேறு. நடுவில் ஒரு லாரி, அதன் மேல் மைக். சங்கத் தலைவர் மிஸ்டர் கானொலி அதில் ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கேட்டிலிருந்து சாலையை அடைத்துக்கொண்டு வந்துகொண்டே இருந்தார்கள். வேலியோரம் தையல் பிரிவுப் பெண்கள் ஐம்பது அறுபது பேர், அம்மாவும் அதில், பிளாஸ்க்கும் குடையுமாக. வேலை போனவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் வந்திருந்தார்கள்.

அப்பாவை லாரிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தாளைக் கொடுத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். மேலே படிக்கும்போது அவர் முகம் மலர்ந்தது. பிறகு கீழே வந்தார்.

"இது எங்க கிடைச்சுது கண்ணு?"

"அலமாரில. உன் கையெழுத்துதானே?"

"மேல இருக்கறது போதும்."

"கீழ இருக்கறது?"

கண்ணாடியைக் கழற்றினார். "நாலு பேர் அதுல. ரெண்டு பேருக்கு அறுபது வயசு ஆகப்போவுது. அவங்கள வெளிய அனுப்பச் சொல்லி நான் கையெழுத்துப் போடணுமா? அதுக்கா என்னைத் தேர்ந்தெடுத்தாங்க?"

"அச்ச வெட்டு, நாலு பேருக்கு வேற வேலை குடுன்னு கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா குடுத்துடுவானா அவன்?"

"கேட்டியா?"

 அப்பா லாரியின் டயரைப் பார்த்தார். நான் இருபத்து நாலு வருடமாகப் பார்க்கிற மனிதர். மாடிக்காரர்களிடம் எதையும் கேட்காமல் விடாதவர், கான்டீனில் கடுகு தீர்ந்துபோனதற்குக்கூட மனு கொடுத்தவர். இதைக் கேட்கவில்லை. வருகிற ஒவ்வொரு காரும் தன் முட்டிக்குக் காத்திருப்பது அவருக்குப் பிடித்திருந்தது என்றே எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை எங்களுக்கு நடித்துக்காட்டுவார். நாங்களும் கை தட்டுவோம்.

"அம்மா வேலை போச்சேப்பா."

"அது ஆர்டர் இல்லாம போச்சு."

"ஆர்டர் ஏன் இல்ல?"

லாரி மேலிருந்து கானொலி கூப்பிட்டார், நேரமாகிறது வில்ஃப் என்று. அப்பா தாளைக் கோட்டுப் பைக்குள் வைக்கப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"முழுசா வாசி. இல்லாட்டி குடுத்துடு, நான் ஏறி வாசிக்கறேன்."

"வாசிக்கறேன்."

"முழுசா."

"முழுசா வாசிக்கறேன் கண்ணு. கைய விடு."

விட்டேன்.

கானொலி முதலில் பேசினார். சகோதரர்களே என்று ஆரம்பித்தார். வேலியோரம் நின்ற அறுபது பெண்களும் பழக்கத்தில் அதைத் தங்களுக்கும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் அவரோடு இல்லை. கிறிஸ்துமஸ் வருகிறது, எல்லோர் வீட்டிலும் கிளைவ் வீட்டுப் பிரசவம் மாதிரி ஏதோ ஒரு செலவு இருக்கிறது. பின்வரிசையிலிருந்து, போய் வேலையைப் பாருங்கய்யா என்று ஒரு குரல் வந்தது, சிரிப்பும் வந்தது. இங்கே ஓட்டுப் பெட்டி கிடையாது. கை தூக்குவதுதான், பக்கத்தில் நிற்கிறவன் பார்ப்பான். அப்படியிருந்தும் இன்று கைகள் பாக்கெட்டை விட்டு வரப்போவதில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. கிளைவ் என் பக்கத்தில் நின்றான். அவன் கைகளும் பாக்கெட்டில்தான்.

அப்பா மைக்குக்கு வந்தார். தாளைப் பிரித்தார்.

நல்ல வாசிப்பு. ஃபோர்மேன் எழுதியதை அடிப்பிசகாமல் வாசித்தார், இரண்டு பேர் போதும் என்ற கடைசி வரியை மட்டும் விட்டுவிட்டு. நான் ஓர் அடி முன்னால் வைத்தேன். அடுத்து நிர்வாகத்தின் முடிவு. தற்போது உள்ள பொருத்தும் முறையே திருப்திகரமானது. அதை இரண்டு தடவை வாசித்தார். கொஞ்சம் நிறுத்தினார்.

"கையெழுத்து, ஹெச். பிரெண்டிஸ்."

 எட்டாயிரம் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். என் காலுக்கடியில் தரை அதிர்ந்த மாதிரி இருந்தது. அந்த இரைச்சலில் அப்பா தாளை இரண்டாக மடித்தார். விரல் நகத்தால் மடிப்பை அழுத்தினார். பைக்குள் வைத்தார்.

கதவு கேங்கின் ஐந்து பேர் லாரிக்கு முன்னாலேயே நின்றிருந்தார்கள். அவர்கள் மட்டும் கத்தவில்லை. அதில் ஒருவர் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கானொலி கைகளைக் கேட்டார். எல்லோருக்கும் முன்னால் எழுந்தது என் தம்பியின் கை. "என்ன தைரியம் பாரு அந்த நாய்க்கு. அப்பாவையே குத்தவாளி ஆக்கிட்டானே," என்றான். கண் கலங்கியிருந்தது. ஜனவரியில் குழந்தை வரும்போது அவன் வீட்டில் சம்பளக் கவர் இருக்காது. அதைக் காப்பாற்றத்தான் நான் அந்தத் தாளை எடுத்து வந்தேன்.

நான் கத்தியிருக்கலாம். இல்லை, அடியில் இன்னொரு பத்தி இருக்கிறது என்று. வாய் வரவில்லை. அப்பாவை எட்டாயிரம் பேர் முன்னால் பொய்யர் என்று சொல்ல என்னால் முடியவில்லை. பிரெண்டிஸிடம் வாயடித்த நான், நிர்வாகத்தையும் சங்கத்தையும் டி.வி.யையும் வெளுத்து வாங்குகிற நான். எனக்கு அச்சும் தெரியும் அளவும் தெரியும், தாளும் என் கை வழியாகத்தான் வந்தது. நானும் மூன்றாவது பத்தியை மடித்துத்தான் வைத்தேன்.

எண்ணவே வேண்டாம் என்று கானொலி அறிவித்தார். வேலைநிறுத்தம். ஆட்கள் அப்பாவைத் தோளில் தூக்க வழி தேடினார்கள்.

கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மா என் பக்கம் வந்து சேர்ந்தாள். கன்னத்தில் மழை. சந்தோஷமாக இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"லொரெய்ன். அந்தத் தாள முழுசா வாசிச்சாரா உங்கப்பா?"

"ஏம்மா?"

"மடிச்சாரே. அவர் அப்படி மடிச்சா எனக்குத் தெரியும். அடியில என்ன இருந்துச்சு?"

கிளைவ் திரும்பிப் பார்த்தான். அவன் கை இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"அப்பா கையெழுத்து," என்றேன்.

"எதுக்கு?"

"அச்ச சரி பண்ண வேணாம்னு. கேங்குல ஆள் குறையும்னு."

"எப்போ?"

"போன வருஷம். நவம்பர் பதினேழு."

 அது வெள்ளிக்கிழமை என்றாள் அம்மா. அன்று சாயங்காலம் அப்பா கேங்கைக் காப்பாற்றிவிட்டதாகச் சொல்லி எல்லோருக்கும் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார், அம்மாவுக்கு மட்டும் பெரிய துண்டு கொடுத்தார். "நான் கன்னத்துல முத்தம் குடுத்தேன்டீ அவருக்கு," என்றாள்.

குடையை மடக்கி என் கையில் கொடுத்தாள். பிளாஸ்க்கைக் கிளைவிடம் கொடுத்தாள். லாரியை நோக்கி நடந்தாள். வில்ஃப் டிரான்ட்டரின் மனைவி என்று யாரோ அடையாளம் சொல்ல, ஆட்கள் கைதட்டி வழிவிட்டார்கள். தையல் பிரிவுப் பெண்கள் வேலியை விட்டு அவள் பின்னால் வந்தார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் கைகோத்துப் படி மாதிரி பிடிக்க, அம்மா அதில் கால் வைத்து லாரியில் ஏறினாள்.

அப்பா சிரித்துக்கொண்டே அவளை அணைக்கக் கையை விரித்தார். அம்மா அவரைச் சுற்றிக்கொண்டு மைக்குக்குப் போனாள்.